மீன்தொட்டிக் கண்ணாடியில் கீறல்: எதை விடலாம், எதைத் தேய்க்கலாம், எப்படித் தேய்ப்பது

தொட்டிக் கண்ணாடியில் கீறலைப் பார்த்ததும் பலரும் முதலில் பாலிஷ் தேட ஆரம்பிக்கிறார்கள். பாலிஷ் இந்த வேலையில் கடைசிக்குப் பக்கத்தில் வரும் கட்டம். அது உண்மையிலேயே கீறல்தானா, தொட்டி கண்ணாடியா அக்ரிலிக்கா (கண்ணாடி போலவே தெளிவான பிளாஸ்டிக்), கீறல் எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்ற நான்கு விஷயங்கள் தெரிந்த பிறகுதான் கையில் துணியோ ட்ரில்லோ எடுக்க வேண்டும். இவற்றைப் பார்த்து முடிக்கும்போது, ஒன்றுமே செய்யத் தேவையில்லை என்று பலருக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. முதலில் அது கீறல்தானா என்று உறுதி செய்யுங்கள்

தண்ணீர் வழிந்து காய்ந்த இடத்தில் உப்புப் படிவு கோடு கோடாக நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் அது அப்படியே கீறல் மாதிரி தெரியும். வெளிப்பக்கம் என்றால், வினிகரில் நனைத்த டிஷ்யூ காகிதத்தை அந்த இடத்தில் ஒட்டி 15 நிமிடம் விட்டுத் துடையுங்கள். கோடு மங்கினால் அது உப்பு. ஒன்றிரண்டு முறை திரும்பச் செய்தால் போய்விடும். உள்பக்கம் நீர்மட்டத்துக்கு மேலே என்றால், வினிகர் தண்ணீரில் வழியாதபடி நன்றாகப் பிழிந்த காகிதத்தை வையுங்கள்.

உள்ளே நீருக்கு அடியில் இருப்பதை ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் சுரண்டிப் பாருங்கள். கெட்டிப் பாசியாக இருந்தால் பெயர்ந்து வரும்.

இதைவிட முக்கியமான சோதனை, கீறலா விரிசலா என்பது. கீறல் மேற்பரப்போடு நின்றுவிடும். விரிசல் கண்ணாடியின் கனத்துக்குள் இறங்கும். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து, தலையை மெல்ல அசைத்துப் பாருங்கள். விரிசலாக இருந்தால் உள்ளே ஒரு மெல்லிய தகடு பளிச்சென்று மின்னும். அப்படி மின்னினால் இந்த வழிகாட்டி உங்களுக்கானதல்ல. அன்றைக்கே தண்ணீரை இறக்கிவிட்டு அந்தக் கண்ணாடியை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். விரிசலைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

2. கண்ணாடியா, அக்ரிலிக்கா?

இரண்டுக்கும் முறை முற்றிலும் வேறு. ஒன்றுக்கானதை மற்றொன்றில் செய்தால் இருப்பதும் கெடும்.

விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், அக்ரிலிக் மந்தமாக டொக்கென்று கேட்கும். தொட்டால் கண்ணாடி சில்லென்று இருக்கும். மூலைகளில் சிலிக்கான் பசை தடித்துத் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடிதான். ஓரத்தில் பச்சைச் சாயல் தெரிகிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரும்பு குறைந்த தெளிவான கண்ணாடியில் அந்தப் பச்சை அவ்வளவாகத் தெரியாது.

கண்ணாடி என்றால் டெம்பர்டு வகையா (சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியதா) என்றும் பார்க்க வேண்டும். பல தொட்டிகளில் அடிக்கண்ணாடி டெம்பர்டு. சிலவற்றில் பக்கங்களும் அப்படியே. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைத் திரை காட்டும் ஒரு மானிட்டரையோ லேப்டாப்பையோ வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பார்த்தால், டெம்பர்டு கண்ணாடியில் கருமையான திட்டுகளோ வண்ணக் கோலங்களோ தெரியும். அதில் ஆழமாகத் தேய்க்கவே கூடாது. அதன் உறுதியே மேற்பரப்பில் இருக்கும் இறுக்க அடுக்கில்தான் இருக்கிறது. அந்த அடுக்கைத் தாண்டிவிட்டால் மொத்தக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் பொடிப்பொடியாகச் சிதறும்.

3. உள்பக்கமா, வெளிப்பக்கமா?

இதைக் கண்டுபிடிக்க சுலபமான வழி ஒரு சொட்டுத் தண்ணீர். நனைத்த விரலால் வெளிப்பக்கம் கீறல் மேலே தடவுங்கள். ஈரம் பட்டதும் கீறல் மங்கினால் அது வெளிப்பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் உள்பக்கம்.

காரணம் ஒளிவிலகல். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, தண்ணீருடையது 1.33, காற்றுடையது 1.00. கீறலுக்குள் காற்று இருந்தால் வித்தியாசம் அதிகம், வெளிச்சம் சிதறிக் கோடு பளிச்சென்று தெரியும். தண்ணீர் நிறைந்தால் வித்தியாசம் குறைந்து கோடு அடங்கிவிடும்.

அதனால் காலித் தொட்டியில் உள்பக்கம் தெரியும் கீறல்களைப் பார்த்துப் பதற வேண்டாம். தண்ணீர் நிரப்பியதும் மெல்லியவற்றில் பல கண்ணுக்கே படாது. பழைய தொட்டி வாங்கியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே முழுக்கத் தேய்க்க ஆரம்பித்து, நல்ல கண்ணாடியில் புகைமூட்டம் உண்டாக்குவதை அடிக்கடி பார்க்கிறேன். முதலில் நிரப்பிப் பாருங்கள்.

உறுதி என்று வந்தால் கணக்கு வேறு. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. நீர் உயரமும் உள்ள தொட்டியில், முன்கண்ணாடியைத் தண்ணீர் ஏறக்குறைய 90 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளுகிறது. கண்ணாடி கண்ணுக்குத் தெரியாத அளவு வெளிப்பக்கமாக வளைகிறது. அப்படி வளையும்போது நடுப்பகுதியின் வெளிமேற்பரப்பு இழுபடும், உள்மேற்பரப்பு நெருக்கப்படும். கண்ணாடி நெருக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே நடுவில் வெளிப்பக்கம் விழுந்த ஆழமான கீறல்தான் அதிகம் கவலைப்பட வேண்டியது. அதே ஆழத்தில் உள்பக்கம் நடுவில் இருந்தால் பெரும்பாலும் பார்வைக்குத்தான் குறை.

4. ஆழத்தைப் பாருங்கள்

கைகழுவித் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக மெதுவாக இழுங்கள்.

நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது மெல்லிய கீறல், பாலிஷில் போகும். நகம் லேசாகத் தடுக்கினால் நடுத்தரம். மங்க வைக்கலாம், முழுவதும் அழிப்பது கடினம். நகம் சிக்கி நின்றால் ஆழம். அதை வீட்டில் தேய்த்து அழிக்க முயலாதீர்கள்.

நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். ஒரு முழ நீளத்துக்கு மெல்லிய கீறல் இருப்பதைவிட, விளிம்பில் ஒரு அரிசி அளவு சில்லு பெயர்ந்திருப்பது ஆபத்தானது. விரிசல்கள் பெரும்பாலும் விளிம்பிலிருந்துதான் கிளம்பும். கீறல் விளிம்பைத் தொட்டிருந்தாலோ, அங்கே சில்லு இருந்தாலோ, தண்ணீரைக் குறைத்துவிட்டுக் கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

5. தேய்க்க வேண்டுமா என்று முடிவெடுங்கள்

உள்பக்கம், மெல்லியது, தொட்டியில் மீன்கள் நன்றாக இருக்கின்றன என்றால் என் பதில்: விட்டுவிடுங்கள். உள்பக்கம் தேய்க்க தொட்டியை முழுக்கக் காலி செய்ய வேண்டும். ஒரு மெல்லிய கோட்டுக்காக மீன்களை அந்த அலைச்சலுக்கு உள்ளாக்குவது சரியில்லை. அந்த இடத்துக்கு நேராக உயரமான செடி ஒன்றை வைத்தாலே கண் அங்கே போகாது. விளக்கைக் கொஞ்சம் முன்னோ பின்னோ நகர்த்தினாலும் கோடு அடங்கும், ஏனென்றால் கீறல் பளிச்சென்று தெரிவது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும்தான்.

தொட்டியை எப்படியும் காலி செய்து இடம் மாற்றப் போகிறீர்கள் என்றால், முன்னும் பின்னும் ஒரே கனமுள்ள கண்ணாடியாக இருக்கும்போது திருப்பி வைத்துவிடலாம். கீறல் விழுந்த பக்கம் பின்னால் போய், பின்னணித் தாளுக்கு முன் மறைந்துவிடும். பைசா செலவில்லாத தீர்வு, ஆனால் யோசிப்பவர்கள் குறைவு. நடு வெளிப்பக்கத்து ஆழமான கீறலுக்கு இது பொருந்தாது. பின்னால் போனாலும் அழுத்தம் அதே அழுத்தம்தான்.

பற்பசை, சமையல் சோடா இரண்டும் கண்ணாடிக் கீறலை அழிக்காது. அழுக்கை எடுப்பதால் கொஞ்சம் பளபளப்பு கூடும், அவ்வளவுதான். நகப்பூச்சு, கார் மெழுகு, கார் கண்ணாடிக்கான பிசின் போன்றவற்றை உள்பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். தண்ணீரில் எது கரையும் என்று நமக்குத் தெரியாது, மீனுக்குத்தான் முதலில் தெரியும்.

தேய்க்கத் தகுந்தவை இரண்டுதான்: வெளிப்பக்கத்து மெல்லிய, நடுத்தரக் கீறல்கள், எப்படியும் காலியாக இருக்கும் தொட்டியின் உள்பக்கத்து மெல்லிய கீறல்கள்.

6. தேவையானவற்றை எடுத்துவைத்து, தொட்டியைக் காலி செய்யுங்கள்

செரியம் ஆக்சைடு பொடி (கண்ணாடியைப் பாலிஷ் செய்யும் பொடி), 75 மி.மீ. அளவு ஃபெல்ட் பேட் (ட்ரில்லில் மாட்டும் கம்பளி வட்டு), வேகத்தைக் குறைக்கக்கூடிய ட்ரில், தண்ணீர் தெளிப்பான், மாஸ்க்கிங் டேப், மார்க்கர், நான்கைந்து மைக்ரோஃபைபர் துணி, முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. ட்ரில் பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் நல்லது. ஈரக் கையோடு செய்யும் வேலை இது. மின்கம்பி வேண்டாம்.

வெளிப்பக்கம்தானே, தண்ணீரோடேயே தேய்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். ஏற்கெனவே தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கும் கண்ணாடியில் ஒரே இடத்தில் சூடேற்றுவது சரியல்ல. ட்ரில்லின் அதிர்வு தண்ணீர் வழியாக நேரே மீன்களுக்குப் போகும் என்பதும் உண்டு.

காலி செய்வதற்கும் வரிசை இருக்கிறது. ஹீட்டரை முதலில் அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். 15 நிமிடம் கழித்துத்தான் நீர்மட்டம் இறங்க வேண்டும். சூடான ஹீட்டர் காற்றில் வெளிப்பட்டால் அதன் கண்ணாடிக் குழாய் வெடிக்கலாம். பிறகு தொட்டித் தண்ணீரையே ஒரு பெரிய டப்பில் பிடித்து, மீன்களை அதில் விட்டு, ஏர் ஸ்டோன் போட்டு, மேலே மூடுங்கள். மூடி மறந்தால் மீன் தரையில் கிடக்கும். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சையும் மற்றவற்றையும் தொட்டித் தண்ணீரிலேயே ஊற வையுங்கள். காய்ந்தால் அதில் வாழும் நல்ல பாக்டீரியா செத்துப்போய், திரும்ப நிரப்பியதும் அம்மோனியா ஏறும்.

உள்பக்கம் தேய்க்கப் போகிறீர்கள் என்றால் மணலை ஒரு துகள்கூட விடாமல் எடுக்க வேண்டும். மூலைச் சிலிக்கான் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மணலை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். பேடுக்கு அடியில் ஒரே ஒரு மணல் சிக்கினால், ஒரு கீறலை அழிக்கப் போய் வட்ட வட்டமாகப் பத்து கீறல் விழும்.

தண்ணீர் கொஞ்சம் இருக்கும்போது தொட்டியைத் தூக்காதீர்கள். அடியில் ஒரு விரல் ஆழம் இருந்தாலும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து சிலிக்கான் இணைப்பைத் திருகிவிடும். சின்னத் தொட்டியாக இருந்தால், இரண்டு பேராகத் தூக்கி, தேய்க்கும் பக்கம் மேலே பார்க்கும்படி கனமான ஃபோம் மேல் படுக்க வைப்பது நல்லது. பொடியைத் தண்ணீரில் கலந்து பூசும் குழம்பு வழியாமல் நிற்கும்.

7. பாலிஷ் செய்யும் முறை

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள கண்ணாடியைக் கீறலின் அடிமட்டம் வரை இறக்குகிறது. இது புரிந்தால் கீழே உள்ளவை எல்லாம் ஏன் என்று தானாகவே விளங்கும்.

தேய்க்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் மார்க்கரால் கீறலைச் சுற்றி வட்டம் போடுங்கள். குழம்பு பூசியதும் கீறல் கண்ணுக்குத் தெரியாது, அடையாளம் இல்லாவிட்டால் வேறெங்கோ தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். அருகில் உள்ள சிலிக்கான் இணைப்புகளையும் சட்டத்தையும் மாஸ்க்கிங் டேப்பால் மூடுங்கள். சிலிக்கானில் பொடி ஏறிவிட்டால் எளிதில் போகாது.

முகக்கவசம் போட்டுக்கொண்டு பொடியில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கெட்டிப்பால் பதத்துக்குக் கலக்குங்கள். பேடைத் தண்ணீரில் ஊற வைத்து, லேசாகப் பிழிந்து, குழம்பில் தொட்டு, ட்ரில் ஓடாமலே கண்ணாடியில் பரப்புங்கள். ஓடவிட்டுத் தொட்டால் சுவரெல்லாம் தெறிக்கும்.

வேகம் நிமிடத்துக்கு 1000 முதல் 1500 சுற்றுக்குள் இருக்கட்டும். பேட் கண்ணாடியில் தட்டையாகப் படியட்டும். ஓரத்தால் அழுத்தினால் குழி விழும். ட்ரில்லின் எடையோடு கொஞ்சம் கை அழுத்தம் போதும். கீறல் மேல் மட்டும் நிற்காமல், அதைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மெல்ல நகர்ந்துகொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நின்றால் அங்கே மட்டும் பள்ளம் விழுந்து லென்ஸ் போலாகி, அதன் வழியே நீந்தும் மீன் நெளிந்து தெரியும். கீறல் போய் நெளிவு வந்தால் அதை எடுக்கவே முடியாது.

குழம்பு காயத் தொடங்கும்போது பேட் கண்ணாடியைப் பிடித்து இழுப்பதைக் கையிலேயே உணரலாம், சத்தமும் மாறும். உடனே தெளிப்பானால் ஈரம் கொடுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் தானாக ஆற விடுங்கள். அவசரப்பட்டுக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். புதியவர்கள் கண்ணாடியை உடைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லாக் கீறலும் போனது போலத்தான் தெரியும். மெல்லிய கீறலுக்கே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். முன்னேற்றம் தெரியவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டாதீர்கள், நேரத்தைக் கூட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்தும் அசையவில்லை என்றால் அது பாலிஷின் எல்லைக்கு அப்பாற்பட்டது. மங்கிய அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உப்புத்தாள் போட்டு முதலில் சமன்செய்துவிட்டு அப்புறம் பாலிஷ் செய்யலாமே என்று கேட்பார்கள். தொழில்முறையில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. வீட்டில் வேண்டாம் என்பேன். உப்புத்தாள் இரண்டு நிமிடத்தில் உண்டாக்கும் மங்கலைச் செரியம் ஆக்சைடால் திரும்பத் தெளிவாக்க மணிக்கணக்கில் ஆகும்.

8. அக்ரிலிக் தொட்டி என்றால்

அக்ரிலிக் மென்மையானது. எளிதில் கீறும், அதே காரணத்தால் எளிதில் சரிசெய்யவும் முடியும். இங்கே ட்ரில் தேவையில்லை, செரியம் ஆக்சைடும் தேவையில்லை. தண்ணீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாள் போதும்.

மெல்லிய கீறலுக்கு 2000 எண் தாளில் தொடங்குங்கள். நகம் தடுக்கினால் 800, 1000, 1500, 2000, 3000 என்று படிப்படியாக ஏறுங்கள். எந்த எண்ணையும் தாண்டக் கூடாது. முந்தைய தாள் போட்ட கோடுகளை அதற்கடுத்த தாள்தான் அழிக்க முடியும். ஒரு தாளில் இடவலமாகத் தேய்த்தால் அடுத்ததில் மேலும் கீழுமாகத் தேயுங்கள். பழைய கோடுகள் இன்னும் இருந்தால் குறுக்காகக் காட்டிக்கொடுக்கும். கடைசியில் அக்ரிலிக்குக்கான பாலிஷ் திரவம், வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் இரண்டையும் அக்ரிலிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சிலந்தி வலை போல நுண்விரிசல் விழும், அது தேய்த்தால் போகாது.

9. கழுவுதல், கசிவுச் சோதனை

குழம்பு காய்வதற்கு முன்பே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பிறகு டேப்பை உரித்து, சிலிக்கான் ஓரங்களைப் பழைய மென்மையான பல்துலக்கியால் வழித்தெடுத்து, துணியில் நிறம் ஏறுவது நிற்கும் வரை அலசுங்கள். உள்பக்கம் தேய்த்திருந்தால் ஒருமுறை முழுக்க நிரப்பி வெளியேற்றுங்கள். சோப்பு வேண்டாம்.

தொட்டியை அதன் இடத்தில் சமமாக வைத்து, பாதி நிரப்பி சில மணி நேரம் பாருங்கள். பிறகு முழுதும் நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். அடியில் நான்கு பக்கமும் காய்ந்த செய்தித்தாள் வைத்தால் ஒரு சொட்டு கசிந்தாலும் கறை காட்டும். தொட்டியைப் புரட்டிப் படுக்கவைத்தபோது இணைப்பு எங்காவது விட்டிருந்தால் மீன்களை விடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

10. மறுபடி விழாமல் இருக்க

கண்ணாடியின் கடினத்தன்மை மோ அளவில் 5.5 முதல் 6 வரை. சாதாரண ஆற்றுமணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மணல்தான் எதிரி, காந்தத் துடைப்பான் (கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு காந்தம் வைத்துப் பாசி துடைப்பது) அதைப் பிடித்து இழுத்துச் செல்லும் வாகனம். மணலில் காந்தத்தால் இழுபடும் கருந்துகள்களும் கலந்திருப்பதுண்டு, அவை தாமாகவே வந்து ஒட்டும். எனவே துடைப்பானைத் தொட்டிக்குள் நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து, அலசி, துணிப் பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது நறநறவென்றால் அதைக் கண்ணாடியில் வைக்காதீர்கள்.

மணல் மட்டத்துக்கு மேலே 3 செ.மீ. வரைதான் காந்தம் இறங்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள பாசியை, மணலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் அட்டையால் மேல்நோக்கி மட்டும் சுரண்டுங்கள். கீழ்நோக்கி இழுத்தால் மணலைக் கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவே கொண்டுவருவீர்கள். காந்தம் கைதவறி மணலில் விழுந்தால், வெளிக்காந்தத்தால் கண்ணாடியோடு இழுத்து எடுக்காமல், கையை விட்டு எடுங்கள்.

கை விடுவதற்கு முன் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மோதிரக் கல் போட்ட கீறல் பெரும்பாலும் முன்கண்ணாடியின் மேல்பகுதியில், கை போய்வரும் வழியில் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் வேண்டாம், அதில் கண்ணாடியைவிடக் கடினமான துகள்கள் இருக்கின்றன.

கண்ணாடியில் கெட்டியான பாசிக்கு பிளேடு போடலாம். புதிய பிளேடாக, நன்றாகச் சாய்த்து, ஒரே திசையில் தள்ளுங்கள். சிலிக்கான் இணைப்புக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்ததும் பிளேடைக் காயவைத்து எடுத்துவையுங்கள். முனையில் துருப்புள்ளியோ பொக்கையோ தெரிந்தால் அதை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.